கேள்வி நேரம்: ஊரறிந்த மெயில் முகவரி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். பொதுவில் போட்டு வைத்த மெயில் முகவரிக்கு வந்து கொட்டும் குப்பை. பதினோரு வருடம் ஓர் அலுவலகத்தின் மெயில் சர்வரைக் கட்டி மேய்த்தவன் என்பதால் இந்தப் புலம்பல் எனக்கும் சொந்தம்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பிரிண்டர் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன் சார். புது வாடிக்கையாளர்கள் வர வேண்டுமென்றால் மெயில் முகவரியை என் தளத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆறு வருடமாகப் போட்டிருக்கிறேன். இப்போது ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் ஸ்பேம் வருகிறது. போன மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து வேலை கொடுப்பதாக எழுதிய மெயில் ஸ்பேம் ஃபோல்டரில் போய் விழுந்துவிட்டது. மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. முகவரியை மாற்றிவிடலாமா? அட் குறிக்குப் பதில் ‘அட்’ என்று எழுத்தில் எழுதினால் போதும் என்றார் ஒரு தோழி. அப்படியும் செய்து பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. (தளத்தின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன், பெயர் போட வேண்டாம்.)

பதில்: நூறு ஸ்பேமை விடுங்கள் அம்மா. அதை அழிக்க இரண்டு நிமிடம். அந்த ஒரு பதிப்பக மெயில் போனதுதான் நஷ்டம். அந்த மாதிரி ஒன்று மறுபடி தொலையக்கூடாது என்பதை முதலில் வைத்துக்கொள்வோம். குப்பை குறைவது அதற்கு அடுத்ததுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபில்டரை முறுக்கு முறுக்கு என்று முறுக்கி, குப்பையோடு சேர்த்து வேலையையும் வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

சரி, உங்கள் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். ‘தொடர்புக்கு’ பக்கத்தில் குறியை எடுத்துவிட்டு ‘அட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பக்கத்தின் மூலநிரலை, அதாவது பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரல் வரிகளைத் திறந்தால், அதே வரிக்கு அடியில் பழைய ‘மெயில்டூ’ இணைப்பு (அழுத்தினால் மெயில் எழுதும் பெட்டி திறக்குமே, அது) அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் முகவரி முழுசாக, குறியோடு. வாசலைப் பூட்டிவிட்டு சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி. எல்லாப் பக்கத்தின் கடைசி வரியிலும் இன்னொரு முறை இருக்கிறது. ‘கட்டண விவரம்’ என்று ஏற்றியிருக்கிறீர்களே ஒரு பிடிஎஃப், அதன் கடைசிப் பக்கத்தில் மூன்றாவது முறை. கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடத்தை மட்டும் மாற்றினீர்கள், மற்ற இடமெல்லாம் அப்படியே இருக்கிறது.

ஸ்பேம்காரர்களுக்காகத் தளம் தளமாகப் போய் முகவரி பொறுக்கும் நிரல்கள் நம்மைப் போலப் பக்கத்தைப் படிப்பதில்லை. படம், நிறம், தலைப்பு எதுவும் அவற்றுக்கு வேண்டாம். மூலநிரலில் கொஞ்சம் எழுத்து, நடுவில் அட் குறி, அப்புறம் கொஞ்சம் எழுத்து, ஒரு புள்ளி என்கிற வடிவம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடிக்கொண்டே போகும். ‘மெயில்டூ’ என்ற சொல் கண்ணில் பட்டால் அதற்குத் தேடும் வேலையும் மிச்சம்.

மறைத்து எழுதுவதில் பலனே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவின் ‘சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜி’ என்ற அமைப்பு, புதிதாக நூற்றுக்கணக்கான முகவரிகளை உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் மட்டும் கொடுத்து, ஆறு மாதம் காத்திருந்து பார்த்தது. 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வந்த ஸ்பேமில் 97 சதவீதத்துக்கு மேல், பொதுத் தளங்களில் வெளிப்படையாகப் போட்ட முகவரிகளுக்குத்தான் வந்திருந்தது. மறைத்து எழுதிய முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. இன்னொன்றும் கவனித்தார்கள். தளத்திலிருந்து முகவரியை எடுத்ததும் வரத்து குறைந்தது. இது இருபது வருடத்துக்கு முந்தைய சோதனை, இன்று பொறுக்கும் நிரல்களில் பலவற்றுக்கு ‘அட்’ என்று எழுதினாலும் புரியும். ஆனாலும் மறைப்பதற்கு ஆகும் உழைப்பு பத்து நிமிடம்தான், அதனால் செய்துவிடுங்கள். எப்படி என்று கேட்டால், பக்கம் திறந்த பிறகு, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூலம் முகவரியைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் காட்டுகிற முறைக்குத்தான் என் ஓட்டு. மனிதர் பார்க்கும்போது முழு முகவரி தெரியும், மூலநிரலில் அது ஒரே துண்டாக எங்கும் இருக்காது. தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவை வழியாக உங்கள் தளம் போகிறது என்றால் அங்கே இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, அதை இயக்கினால் போதும்.

முகவரியைப் படமாகப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. மற்றவர்களும் எழுத்து எழுத்தாகத் தட்டச்ச வேண்டும், அதில் ஒரு எழுத்து தப்பினால் அந்த மெயிலும் உங்களுக்கு வராது.

பலர் சொல்லும் அடுத்த யோசனை, முகவரியை எடுத்துவிட்டு ஒரு தொடர்புப் படிவம் வைப்பது. நல்ல யோசனைதான். ஆனால் நானே அதில் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன். அலுவலகத்துக்கு ஒரு படிவம் போட்டுக் கொடுத்தேன். எழுதுபவர் தன் முகவரியை நிரப்புவார், அந்த முகவரியையே ‘அனுப்புநர்’ இடத்தில் போட்டு எங்கள் சர்வர் மெயிலை அனுப்பும். பதில் எழுத வசதியாக இருக்குமே என்று நினைத்தேன். முதல் இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் யாருமே எழுதவில்லை. வேலை குறைந்தது என்று சந்தோஷமாக இருந்தேன்! ஒரு மாதம் கழித்து ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்தால் அத்தனை கடிதமும் அங்கே கிடக்கிறது. எங்கள் சர்வர் யாரோ ஒருவரின் ஜிமெயில் முகவரியைப் போட்டுக்கொண்டு மெயில் அனுப்பினால், வாங்குகிற பக்கத்துக்கு அது போலிக் கையெழுத்தாகத்தானே தெரியும்? அனுப்புநர் இடத்தில் எப்போதும் உங்கள் தளத்தின் சொந்த முகவரிதான் இருக்க வேண்டும். எழுதுபவரின் முகவரியை ‘ரிப்ளை டூ’ என்ற இடத்தில் போடச் சொல்லுங்கள். படிவம் வைத்த அன்றே வேறொரு கணக்கிலிருந்து நீங்களே ஒன்றை நிரப்பி அனுப்பி, எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

படிவத்துக்கும் ஸ்பேம் வரும். அதற்கு ஒரு பழைய பொறி இன்றும் வேலை செய்கிறது. மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்த ஒரு கட்டத்தைப் படிவத்தில் வையுங்கள். மனிதர்கள் அதை நிரப்ப மாட்டார்கள், நிரல்கள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் போகும். அது நிரம்பி வந்தால் குப்பை. பக்கம் திறந்து இரண்டு நொடியில் ‘அனுப்பு’ அழுத்தியிருந்தாலும் குப்பைதான். புரியாத எழுத்தைப் படித்துக் காட்டு, போக்குவரத்து விளக்கைப் பொறுக்கிக் காட்டு என்கிற சோதனையெல்லாம் உங்களுக்கு வேண்டாம். வேலை கொடுக்க வந்தவருக்குப் பரீட்சை வைப்பானேன்?

இப்போது அந்தப் பதிப்பக மெயில் விஷயத்துக்கு வருகிறேன். தளத்தில் முகவரிக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள்: “பொருள் வரியில் ‘மொழிபெயர்ப்பு’ என்ற சொல் இருக்கட்டும்.” அவ்வளவுதான். பிறகு ஜிமெயிலின் ஃபில்டர் அமைப்பில் பொருள் வரியில் அந்தச் சொல் இருந்தால் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்று ஒரு விதி எழுதி வைத்துவிடுங்கள். பொறுக்கும் நிரல் முகவரியைத்தான் எடுத்துப் போகும், பக்கத்தில் எழுதிய வேண்டுகோளைப் படிக்காது. நான் பார்த்த வைத்தியங்களிலேயே இதுதான் மலிவு, இதுதான் அதிகம் பலித்ததும். எல்லோரும் உங்கள் வரியைக் கவனிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் வாரம் ஒருநாள் ஸ்பேம் ஃபோல்டரைப் புரட்டுங்கள். ஜிமெயிலில் அது 30 நாளில் தானாகக் காலியாகிவிடும். நீங்கள் மூன்று வாரத்தில் பார்த்தது உங்கள் அதிர்ஷ்டம், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் அப்படி ஒரு மெயில் வந்ததே தெரிந்திருக்காது. நல்ல மெயில் அங்கே கிடந்தால் படித்துவிட்டு விடாமல், ‘ஸ்பேம் இல்லை’ பொத்தானை அழுத்துங்கள். இன்பாக்ஸுக்கு வந்துவிட்ட குப்பையை வெறுமனே அழிக்காமல் ‘ஸ்பேம்’ என்று குறியுங்கள். ஃபில்டர் கற்றுக்கொள்வது இந்த இரண்டு பொத்தான்களில்தான்.

முகவரியை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றலாம், ஆனால் ஒரே நாளில் பழையதை மூடாதீர்கள். ஆறு வருடமாக அது எத்தனை விசிட்டிங் கார்டில், எத்தனை பேருடைய தொடர்புப் பட்டியலில் இருக்கிறதோ! உங்களுக்குச் சொந்த டொமைன், அதாவது அட் குறிக்குப் பின்னால் வரும் தளப் பெயர் இருக்கிறது. அதில் வெளியாருக்கென்று ஒரு மாற்றுப் பெயர் முகவரி உருவாக்கி, அதை மட்டும் தளத்தில் காட்டுங்கள். அதற்கு வருவது உங்கள் உள் முகவரிக்கு வந்து சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெயரிலேயே வருடத்தைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது, குப்பை தாங்காதபோது அடுத்த வருடத்துக்கு வேறொன்று. வங்கி, வரி, குடும்பம் எல்லாம் உள் முகவரியில். அதை எந்தத் தளத்திலும் எழுதாதீர்கள். ஜிமெயிலில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். யார் முகவரியைக் கசியவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க அது உதவும். ஒளிந்துகொள்ள உதவாது. கூட்டல் குறியிலிருந்து வெட்டிவிட்டால் உண்மையான முகவரி கையில் வந்துவிடுகிறது.

கேள்வி: என் சிறு நிறுவனத்துக்கு ‘இன்ஃபோ’ என்று தொடங்கும் முகவரி. அதை எங்குமே வெளியிடவில்லை, ஆனாலும் ஸ்பேம் வருகிறது. எப்படி?

பதில்: ஊகம்தான். ‘இன்ஃபோ’, ‘சேல்ஸ்’, ‘சப்போர்ட்’, ‘வெப்மாஸ்டர்’ போன்ற பெயர்களை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் நல்லது என்று 1997இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணைய ஆவணமே சொன்னது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஸ்பேம்காரனுக்கும் அதுவே பட்டியலாகிவிட்டது.

எங்கள் சர்வரின் பதிவேட்டில் ஓர் இரவைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஒரே இடத்திலிருந்து, நொடிக்கு இரண்டு மூன்று வீதம் தட்டிக்கொண்டே இருந்தான். அக்கவுண்ட்ஸ், அட்மின், அலெக்ஸ், ஆனந்த், அனில் என்று ஆங்கில அகர வரிசை. ஒவ்வொன்றுக்கும் எங்கள் சர்வர் ‘அப்படி யாரும் இல்லை’ என்று பதில் சொல்கிறது. ‘அனிதா’ என்று வந்ததும் ‘சரி’ என்கிறது. எங்கள் கணக்குப் பிரிவில் ஓர் அனிதா இருந்தார். அவர் தன் அலுவலக முகவரியை வெளியே யாருக்கும் கொடுத்ததில்லை. மறுநாளிலிருந்து அவருக்கும் மெயில் கொட்ட ஆரம்பித்தது.

நீங்கள் உடனே பார்க்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் டொமைனில் ‘கேட்ச் ஆல்’ இயக்கத்தில் இருக்கிறதா? இருந்தால், டொமைனுக்கு முன்னால் எந்தப் பெயரைப் போட்டு அனுப்பினாலும் உங்கள் பெட்டியில் வந்து விழும். அவன் ஊகம் அத்தனையும் பலிக்கும். அதை அணைத்துவிட்டு, உண்மையில் தேவைப்படும் இரண்டு மூன்று பெயர்களை மட்டும் வையுங்கள்.

கேள்வி: என் சொந்த முகவரியிலிருந்தே எனக்கு மெயில் வந்திருக்கிறது ஐயா! “உன் கணினியைப் பிடித்துவிட்டேன், பணம் அனுப்பு” என்று மிரட்டல். என் பழைய பாஸ்வேர்டையும் சரியாக எழுதியிருக்கிறான். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

பதில்: தூங்குங்கள். ‘அனுப்புநர்’ வரி என்பது தபால் உறையின் பின்பக்கம் எழுதும் பெயர் மாதிரி. யாரும் யார் பெயரையும் எழுதலாம். 1982இல் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் விதிகளை வகுத்தபோது, ஒருவரையொருவர் அறிந்த சின்னக் கூட்டம்தான் வலையில் இருந்தது. எழுதியவர் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் கிடையாது. பாஸ்வேர்டு, எப்போதோ நீங்கள் கணக்கு வைத்திருந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் இருந்திருக்கும். அதே பாஸ்வேர்டு இன்னும் எங்காவது புழக்கத்தில் இருந்தால் இன்றே மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணம் அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள்.

சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் உண்டு. உங்கள் பெயரில் எந்தச் சர்வர் மெயில் அனுப்பலாம் என்பதை முதலாவது சொல்கிறது. இரண்டாவது ஒவ்வொரு மெயிலிலும் முத்திரை குத்துகிறது. இரண்டிலும் தேறாவிட்டால் அந்த மெயிலை என்ன செய்வது என்று மூன்றாவது சொல்கிறது. பலர் மூன்றாவதை ‘எதுவும் செய்யாதே’ என்ற நிலையில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். காவலாளியை நிறுத்திவிட்டு, யாரையும் தடுக்காதே என்று சொன்ன கதைதான். டிமார்க் வழியாக வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, உங்கள் மெயில்கள் ஒழுங்காகத் தேறுகின்றன என்று உறுதியானதும் ‘நிராகரி’ என்று மாற்றுங்கள்.

கேள்வி: அடியில் இருக்கும் ‘அன்சப்ஸ்கிரைப்’ இணைப்பை அழுத்தலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் எப்போதோ பொருள் வாங்கிய கடை, பதிவு செய்த தளம் என்றால் தாராளமாக அழுத்துங்கள். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களைக் கண்டிக்க ஆரம்பித்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புபவர், விளம்பர மெயில் என்றால் ஒரே அழுத்தில் விலகும் வசதி வைக்க வேண்டும், கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்கவும் வேண்டும். மெயிலின் மேலே, அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் விலகல் பொத்தான் அதற்காகத்தான். பெயரே தெரியாத ஆள் அனுப்பிய மெயிலில் அடியில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். ‘இந்த முகவரியில் ஒரு மனிதர் இருக்கிறார், படிக்கிறார், அழுத்துகிறார்’ என்று நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். படங்கள் தானாகத் திறப்பதை நிறுத்தி வைப்பதும் இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் போதும், நீங்கள் மெயிலைத் திறந்த செய்தி அவனுக்குப் போய்ச் சேர.

கேள்வி: புதிதாக எழுதும் ஒவ்வொருவருக்கும் “நீங்கள் மனிதர்தானா? உறுதி செய்யுங்கள்” என்று தானாகப் பதில் போகும்படி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பேமின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. உங்கள் கேள்வி, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் பெட்டியில் போய் விழும். அவரைப் பொறுத்தவரை ஸ்பேம் அனுப்புவது நீங்கள்தான்.

கேள்வி: இந்தத் தொல்லையை முதலில் தொடங்கி வைத்த புண்ணியவான் யார்? இது என்றைக்காவது ஒழியுமா?

பதில்: 1978 மே மாதத்தில், அமெரிக்காவின் டெக் கணினி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவிலிருந்த கேரி தூர்க் என்பவர், புதுக் கணினியின் அறிமுக நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் சில நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். அந்த முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன தெரியுமா? அர்பாநெட் பயனர்களின் அச்சிட்ட பட்டியலிலிருந்து. ஆக, முதல் ஸ்பேமே ஊரறிந்த முகவரிகளுக்குத்தான் போயிருக்கிறது.

ஒழியுமா என்றால், இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும் என்று 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ் சொன்னார். 2008 நவம்பரில், ஸ்பேம்காரர்களின் சர்வர்களுக்கு இடம் கொடுத்திருந்த மெக்கோலோ என்ற ஒரே ஒரு நிறுவனத்தின் இணைய இணைப்பைத் துண்டித்ததும் உலகத்தின் ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்தது. எங்கள் சர்வரின் வரைபடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கியதைப் பார்த்து, சர்வர்தான் படுத்துவிட்டது என்று பதறி ஓடினேன். சில மாதத்தில் கோடு பழையபடி ஏறிவிட்டது.

ஓர் அறிவிப்பு: இந்தப் பக்கத்தின் அடியில் என் மெயில் முகவரி பல வருடமாக அச்சாகிறது. தாளில் மட்டும் இருந்தவரை தொந்தரவு இல்லை. இதழ் பிடிஎஃப் ஆக இணையத்தில் ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்கும் விடிந்தது. மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கு இவ்வளவு உபதேசம் செய்துவிட்டு நான் மட்டும் அப்படியே இருந்தால் நன்றாக இராது. அடுத்த இதழிலிருந்து புது முகவரி. பழையதையும் ஆறு மாதம் திறந்து வைத்திருப்பேன். எதற்கு எழுதினாலும் பொருள் வரியில் ‘கேள்வி நேரம்’ என்று போடுங்கள். போன மாதம் எழுதிப் பதில் வராதவர்கள் இன்னொரு முறை அனுப்பிவிடுங்கள், ஸ்பேம் ஃபோல்டரில் பத்து நாளாக நான் எட்டிப் பார்க்கவில்லை.